பாகுத் திரவத்தில் நகரும் பொருளுக்கு ஓபன்ஃபோம்: சில வருட அனுபவம்

கிளிசரின், சிலிக்கோன் எண்ணெய் மாதிரி கெட்டியான திரவத்துக்குள் ஒரு திடப்பொருள் நகர்வதைக் கணக்கிட சில வருடங்களாக ஓபன்ஃபோம் என்ற திரவ ஓட்ட சிமுலேஷன் மென்பொருள்தான் எனக்கு. இலவசம், லைசென்ஸ் தொல்லை கிடையாது. இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள், விடுங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் ஒரு குண்டை விழவிட்டுப் பாருங்கள், ஏனென்றால் அதற்கு இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851-லேயே சூத்திரமாக விடை கொடுத்துவிட்டார். 2 மி.மீ. விட்டமுள்ள எஃகு குண்டு 20 டிகிரி கிளிசரினில் விநாடிக்கு ஏறக்குறைய 1 செ.மீ. இறங்கும், ரெனால்ட்ஸ் எண் (பாகுத்தன்மையோடு ஒப்பிட்டால் நிலைமம் எவ்வளவு என்ற அளவு) 0.02-ஐத் தொடாது. சிமுலேஷனில் வேகம் குறைவாக வந்தால் உடனே மெஷ்ஷை, அதாவது திரவத்தைச் சின்னச் செல்களாகப் பிரிக்கும் வலையை, பொடிப்பொடியாக வெட்டாதீர்கள். முதலில் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இந்த மாதிரி மந்தமான ஓட்டத்தில் குண்டு கிளப்பும் அசைவு தூரத்துக்கு நேர் தலைகீழாகத்தான் தேய்கிறது, அதனால் குண்டைப் போல் 10 மடங்கு அகலமுள்ள குழாயில்கூட இழுவிசை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். வேகம் குறையக் குறைய கணக்கிடும் திரவப் பெட்டி பெரிதாக வேண்டும் என்பது ஏரோடைனமிக்ஸ் பக்கமிருந்து வருபவர்களுக்கு லேசில் பிடிபடாது. ஆய்வகத்தில் அளந்து ஒப்பிடுவதாக இருந்தால் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள், 30 டிகிரிக்குப் போனாலே கிளிசரினின் பாகுத்தன்மை பாதிக்கும் கீழே வந்துவிடும்.

மெஷ்ஷை இழுத்து நகர்த்தும் முறை சின்ன அசைவுக்குப் போதும். குண்டு தன் விட்டத்தைப் போல் பல மடங்கு இறங்கினால் செல்கள் நசுங்கிவிடும், அப்புறம் ஓவர்செட்தான் வழி, அதாவது குண்டோடு நகரும் ஒரு மெஷ்ஷைப் பின்னணி மெஷ்ஷின் மேல் போடும் முறை. அது வி1706 பதிப்பில் வந்தது, ஓபன்ஃபோமின் இரண்டு முக்கியக் கிளைகளில் ஓப்பன்சிஎஃப்டி கிளையில் மட்டும். ஃபவுண்டேஷன் கிளையை நிறுவிவிட்டுத் தேடாதீர்கள். ஓவர்செட்டில் ஒரு குறை, இரண்டு மெஷ்களுக்கு நடுவே மதிப்புகள் இடைச்செருகலில்தான், அதாவது பக்கத்துச் செல்களை வைத்து மதிப்பிட்டுத்தான், போய்வருகின்றன, நிறை அப்படியே காப்பாற்றப்படுவதில்லை, அழுத்த வரைபடத்தில் முள் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கும்.

எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டியது கனமில்லாத பொருள்கள். எஃகு குண்டு சமர்த்தாக இறங்கும். திரவத்தின் அடர்த்திக்குப் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் குண்டைப் போட்டால் முதல் சில நேர ஸ்டெப்பிலேயே மேலும் கீழும் உதறும், ஒவ்வொரு உதறலும் முந்தியதை விடப் பெரிது, பிறகு கணக்கே வெடித்துவிடும். குண்டு முடுக்கம் பெறும்போது, அது விலக்கும் திரவத்தின் நிறையில் பாதியையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. விசையை ஒரு முறை, அசைவை ஒரு முறை என்று மாற்றி மாற்றிக் கணக்கிடும் சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) அதில்தான் தடுமாறுகிறது. ஆக்சிலரேஷன் ரிலாக்சேஷனை, அதாவது புதிதாகக் கணக்கிட்ட முடுக்கத்தில் எவ்வளவு பங்கை ஏற்பது என்ற எண்ணை, 0.5 அளவுக்கு இறக்கி, ஒவ்வொரு ஸ்டெப்பிலும் விசையையும் அசைவையும் திரும்பக் கணக்கிடும் வெளிச்சுற்றைக் கூட்டினால் அடங்கும், நேரம்தான் கூடுதலாகத் தின்னும்.

இரண்டு குண்டு நெருங்கிவிட்டால் இடையில் சில செல்களாவது இருக்க வேண்டும், இடைவெளி சுருங்கச் சுருங்க விசையோ எகிறுகிறது. ஆகவே துகள்கள் கூட்டமாக வரும் வேலைக்கு நான் இதைத் தொடுவதில்லை, ஆய்வாளர்கள் பிராடியும் பாசிஸும் 1980-களில் கொண்டுவந்த, துகள்களுக்கு இடையிலான விசைகளை நேரடியாகக் கணக்கிடும் ஸ்டோக்ஸியன் டைனமிக்ஸ் முறையின் பக்கம் போய்விடுகிறேன், அதில் மெஷ்ஷே கிடையாது.