டிபக்கர் வைத்திருப்பவர்கள் கேமை நிறுவும் முன் படிக்க வேண்டியது

என் கேம் கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டார்கள். காரணம் என்று வந்தது ஒரே வரி: அனுமதியில்லாத மென்பொருள் கண்டறியப்பட்டதாம். எந்த மென்பொருள், எந்த நாளில், எந்த ஆட்டத்தில் என்று ஒரு விவரமும் இல்லை. நான் ஏமாற்றி ஆடியவன் அல்ல. மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) ஆய்வு கற்றுவருகிறேன். அதற்காகக் கணினியில் நிரல்களை ஆராயும் கருவிகளான கிட்ரா, எக்ஸ்64டிபிஜி என்ற டிபக்கர் (ஓடும் நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் கருவி), பிராசஸ் ஹேக்கர் ஆகியவை இருந்தன. அவற்றில் எதையும் நான் அந்த கேமின் மீது ஏவியதில்லை.

இந்தக் கருவிகள் திருட்டுச் சாவிகள் அல்ல. கிட்ராவை 2019இல் பொதுவெளிக்குக் கொடுத்ததே அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமைதான். கோப்பைத் திறந்து அதன் உள்ளமைப்பைக் காட்டுவதே அதன் முதன்மையான வேலை. சீட் (ஆட்டத்தில் ஏமாற்ற உதவும் நிரல்) எழுதுபவர்களும் இவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. ஏமாற்றி ஆடுபவர்களால் எத்தனை நல்ல ஆட்டங்கள் பாழாகின என்று எனக்கும் தெரியும். அவர்களைக் கண்டுபிடிக்கும் ஆன்ட்டி-சீட் மென்பொருள் தேவை என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் டிபக்கர் திறந்திருந்தால், "இதை மூடிவிட்டு மறுபடி தொடங்குங்கள்" என்று சொல்லி கேமைத் திறக்காமல் நிறுத்துவது ஒரு வழி. அப்படிச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. என் விஷயத்தில் எச்சரிக்கை எதுவுமின்றி நேராகத் தண்டனை வந்தது.

அதுவும் உடனே வரவில்லை. கண்டுபிடித்த கணக்குகளைச் சேர்த்து வைத்து, பிறகு ஒரே அலையாகத் தடை செய்யும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு. எதனால் பிடிபட்டோம் என்று சீட் எழுதுபவர்கள் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அந்த உத்தி எனக்குப் புரிகிறது. ஆனால் அதே உத்தி தவறாகச் சிக்கியவரின் கையையும் கட்டிப்போடுகிறது. எந்த நாளுக்கான பதிவுகளை எடுத்துக் காட்டி நான் வாதாடுவது? மேல்முறையீடு செய்தேன். அதே வரியே திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன், முடிவு இறுதியானது என்று கோரிக்கையை மூடிவிட்டார்கள். பணம் கொடுத்து வாங்கியவை எல்லாம் கணக்கோடு போயின.

இதைவிட என்னை வருத்தியது தம்பியின் கணக்கு. அவன் அதே கணினியில் தனிக் கணக்கில் ஆடுபவன். தடையை மதர்போர்டு, வட்டு ஆகியவற்றின் அடையாள எண்களோடு பிணைத்திருக்கிறார்கள். அதனால் அவன் கணக்கும் முடங்கியது. டிபக்கர் என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது.

நிறுவனம் தவறவே தவறாது என்று நம்பும் நண்பர்களுக்கு இரண்டு செய்திகளை நினைவூட்டுகிறேன். 2010இல் வால்வ் நிறுவனத்தின் விஏசி என்ற ஆன்ட்டி-சீட், மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடியவர்களில் சுமார் 12,000 பேரைத் தவறாகத் தடைசெய்தது. பிறகு தடையை நீக்கி, ஈடாக ஒரு கேமையும் கொடுத்தது. 2023 அக்டோபரில் ஏஎம்டியின் ஆன்ட்டி-லேக் பிளஸ் என்ற, ஆட்டத்தில் தாமதத்தைக் குறைக்கும் வசதியை இயக்கியவர்கள் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இல் தடைக்கு ஆளானார்கள். கிராபிக்ஸ் அட்டை செய்த நிறுவனமே கொடுத்த வசதி அது! அந்த இரண்டு முறையும் தவறு வெளியே வந்தது, பாதிக்கப்பட்டவர்கள் பலர் என்பதால். தனி ஒருவனின் குரல் தானியங்கிப் பதிலைத் தாண்டுவதில்லை.

ஆன்ட்டி-சீட்டுக்காக, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வரை இறங்கும் டிரைவர் நிரலை நம் கணினியில் வைக்கிறவர்கள் நம்மிடம் கேட்கும் நம்பிக்கை மிகப் பெரியது. கென்ஷின் இம்பாக்ட் கேமின் எம்ஹைபுராட்2 என்ற ஆன்ட்டி-சீட் டிரைவரை ரான்சம்வேர் கும்பல் (கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிப்பவர்கள்) ஒன்று பயன்படுத்தி வைரஸ் தடுப்பு மென்பொருளை முடக்கியதை 2022இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான டிரெண்ட் மைக்ரோ வெளியிட்டது. அந்த கேம் நிறுவப்படாத கணினியிலும் அந்த டிரைவரை இறக்கித் தாக்க முடிந்தது. இவ்வளவு அதிகாரத்தைக் கேட்டு வாங்குபவர்கள், தடை செய்யும்போது ஒரு தேதியையாவது சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது என் உறுதியான கருத்து.

ரிவர்ஸ் இன்ஜினியரிங் (நிரலைப் பிரித்துப் பார்த்து அது எப்படி இயங்குகிறது என்று அறிவது) படிப்பவர்கள் முடிந்தால் ஆட்டத்துக்கும் படிப்புக்கும் வேறு வேறு கணினி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் உண்டு என்றால் கருவிகளை மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வைத்து, கேம் ஆடும் நேரத்தில் அதையும் மூடிவிடுங்கள். கேமை மெய்நிகர் கணினிக்குள் வைக்காதீர்கள். பல ஆன்ட்டி-சீட்கள் அதையே குற்றமாகப் பார்க்கும். டிரைவர் எழுதிப் பழகுபவர்கள் விண்டோஸின் டெஸ்ட் மோடை (சோதனை டிரைவர்களை ஓடவிடும் நிலை) அணைக்காமல் கேமைத் திறக்க வேண்டாம். வீட்டில் மற்றவர்களும் அதே கணினியில் ஆடினால், தடை வன்பொருளுக்கும் வருமா என்று விதிமுறைகளில் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கேமை நீக்கிய பிறகு, ஆன்ட்டி-சீட் தனி நிரலாக இன்னும் இருக்கிறதா என்று நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலில் பாருங்கள். சிலவற்றைத் தனியாக நீக்கினால்தான் போகும்.