சவுண்ட் இன்ஜினியரிங் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அடுத்து என்ன படிப்பது என்று தேடிக்கொண்டிருக்கும் நேரம், அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். சவுண்ட் இன்ஜினியர் ஆக ஆசைப்படும் தம்பி தங்கைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

நான் சேர்ந்தது சென்னையில், வடபழனி பக்கம் ஒரு தனியார் இன்ஸ்டிடியூட். 11 மாத டிப்ளமோ, கட்டணம் 2,80,000 ரூபாய். அப்பா பி.எஃப்.பில் எடுத்தது 1,50,000, மீதிக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. சேர்க்கை அன்று ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி 2009இல் ஆஸ்கர் வாங்கிய கதையை அரை மணி நேரம் சொன்னார்கள், நீயும் அந்த வழியில்தான் போகப்போகிறாய் என்று. அவர் படித்தது புனேயில் இருக்கும் மத்திய அரசின் திரைப்படக் கல்லூரி, அவருக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு பேட்சுக்கு 12 பேர்தான் என்றார்கள், 34 பேர் இருந்தோம். இருந்ததோ ஒலிகளைக் கலக்கும் கன்சோல் ஒன்றே ஒன்று, 24 சேனல், அதிலும் 9 சேனல் வேலை செய்யாது, அவற்றின் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர்கள் மேல் டேப் ஒட்டி வைத்திருப்பார்கள். நான் டைரியில் குறித்துக்கொண்டே வந்தேன், 11 மாதத்தில் கன்சோல் முன்னால் நான் உட்கார்ந்தது மொத்தமே 6 மணி 40 நிமிடம். மற்ற நாளெல்லாம் புரொஜெக்டரில் ஸ்லைடு ஓடும், சொல்லிக்கொடுத்தவர் எங்களுக்கு முந்தைய பேட்சில் படித்து முடித்த பையன், கேள்வி கேட்டால் அவரே பாவம் கூகுளில் தேடுவார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள், கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்று பொடி எழுத்தில் இருந்தது.

வேலை உத்தரவாதம் என்று அவர்கள் சொன்னது சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் மூன்று மாதம் சம்பளமில்லாத வேலை. முதல் நாள் அங்கிருந்த அண்ணன் ஒரு மைக் கேபிளைக் கொடுத்து, "தம்பி, இதில் ஒரு பின் விட்டுப்போச்சு, பற்ற வை" என்றார். எக்ஸ்எல்ஆர் பிளக்கில் மூன்று பின், ஒன்று கிரவுண்ட், இரண்டும் மூன்றும் சிக்னல் என்று ஸ்லைடில் பார்த்திருக்கிறேன், ஆனால் சால்டரிங் அயர்ன் பிடித்ததே இல்லை. கை நடுங்கி இன்சுலேஷனைப் பொசுக்கிவிட்டேன். அவர் திட்டவில்லை. வயரைச் சீவி, ஈயத்தை முதலில் கம்பியில் ஏற்றி, அப்புறம் பின்னில் வைத்துக் காட்டினார். ஒரே சிக்னல் இரண்டு கம்பியில் நேர்மாறாகப் போகிறது, வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும், அந்தப் பக்கம் ஒன்றைத் திருப்பிச் சேர்த்தால் இரைச்சல் மட்டும் அடிபட்டுப்போகும் என்று அவர் பத்து நிமிடத்தில் சொன்னதுதான் நான் உருப்படியாகப் படித்த முதல் பாடம்.

சரி, அப்படியென்றால் படிப்பே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்த அண்ணன் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் நான்கு வருட ஒலிப்பதிவுப் படிப்பு முடித்தவர். ஸ்டுடியோவில் ஒரு நாள் லேசாக உறுமல் வந்தது, கேட்ட உடனே கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ், எங்கேயோ எர்த் லூப், அதாவது எர்த் இரண்டு வழியில் இணைந்து வளையமாகிவிட்டது என்றார், ஐந்து நிமிடத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கல்லூரியில் எத்தனை முறை தப்பாக ரெக்கார்ட் செய்து வாத்தியாரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டோம் என்று கணக்கே இல்லை என்பார். நல்ல பயிற்சி என்றால் அதுதான், நாம் தப்பு செய்ய மெஷினும் நேரமும் இருக்க வேண்டும், பக்கத்தில் திருத்துவதற்கு விஷயம் தெரிந்த ஆளும் இருக்க வேண்டும்.

இப்போது ஊரில் ஒரு மைக்செட் அண்ணனிடம் லைவ் வேலை செய்கிறேன். அவர் எந்தக் கோர்ஸும் படித்தவரில்லை. போன திருவிழாவில் மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி பாக்ஸ் வைத்தோம், பேச்சு இரண்டு இரண்டாகக் கேட்டது. அவர் காதாலேயே டிலேயை, அதாவது தள்ளி வைத்த பாக்ஸில் சத்தம் தாமதித்து வரும் அளவைத் திருகித் திருகிச் சரிசெய்தார், 100 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் நின்றது. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும், 34 மீட்டருக்குக் கணக்குப் போட்டாலும் அதேதான் வரும். இதுவரை சர்ட்டிஃபிகேட்டை எடுத்துக் காட்டு என்று என்னிடம் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

எங்கே சேர்வதாக இருந்தாலும் முதலில் கிளாஸ் நடக்கும் நாளில் சொல்லாமல் போய் நின்று பாருங்கள். ஒரு மாணவனுக்கு கன்சோலில் எத்தனை மணி நேரம் என்பதை எழுத்தில் கேளுங்கள், வாயால் சொன்னால் நம்பாதீர்கள். போன வருடம் முடித்தவர்கள் நான்கு பேரின் நம்பரை வாங்கி, இப்போது எங்கே, என்ன சம்பளம் என்று நேரடியாகக் கேளுங்கள். எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் நாங்கள் உண்மையைச் சொல்லியிருப்போம்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கு ஒன்று. நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு, நான் அது தெரியாமல் விட்டுவிட்டேன். ரசீது, பிரவுச்சர், வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதி எதையும் அழிக்காதீர்கள். புகாரை எழுதத் துணை வேண்டுமென்றால் எனக்கு மெசேஜ் போடுங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.