விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? பணம் கட்டும் முன் அதைக் கேளுங்கள்

ஈரோட்டில் நாங்கள் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கிறோம். கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றையும் கடைக்குப் பின்னாலேயே ஆட்டுகிறோம். போன வருடம் ஆவணி பிறந்ததும் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்திடம் விளம்பர வேலையைக் கொடுத்தோம். நான்கு மாதத்தில் 1,53,000 ரூபாய் போனது. வியாபாரம் வந்ததா என்றால், தீபாவளிக்கு வழக்கமாக வருகிறவர்கள்தான் வந்தார்கள். எங்களைப் போலச் சின்னதாகக் கடை நடத்துகிறவர்கள் யாராவது இதே மாதிரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. வக்கீல் நோட்டீஸ் வரும் என்று என் வீட்டுக்காரர் பயப்படுகிறார். பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே முறையில் இதே வேலையைச் செய்கிறவர்கள் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்.

ஆன்லைன் விளம்பரமே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. என் மாமனார் கடை நடத்திய காலத்தில் விளம்பரம் என்றால் சுவரில் எழுதுவது, கேபிள் டிவியில் அடியில் ஓடும் வரி, பேப்பருக்குள் செருகிவிடும் நோட்டீஸ். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதுவரை ஒரு ஜிபியை மாதம் முழுக்க அளந்து அளந்து செலவு செய்தவர்கள், ஒரே நாளில் ஒரு ஜிபிக்கு வீடியோ பார்க்க ஆரம்பித்தார்கள். 2018இல் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. கொரோனா ஊரடங்கில் எங்கள் பழைய வாடிக்கையாளர்களே வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்டுப் பழகிக்கொண்டார்கள். எங்கள் தெருவிலேயே மசாலாப் பொடி அரைக்கிற ஒரு அக்கா ரீல்ஸ் போட்டே சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சல் அனுப்புகிறார். அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது.

அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பையன் லேப்டாப்பும் கையுமாக வந்தான். "அக்கா, உங்க எண்ணெய் ஏ ஒன்னு. ஆனா ஆன்லைன்ல நீங்க இல்லவே இல்லீங்களே" என்றான். மாதம் 25,000 ரூபாய். அதில் 20,000 ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு, 5,000 அவர்கள் கூலி. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 29,500. இணையதளம் செய்து தர தனியாக 35,000. எங்களிடம் ஃபேஸ்புக் பக்கத்தின் நிர்வாக உரிமையையும் கூகுள் மேப்பில் கடையின் கணக்கையும் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். விளம்பரம் மட்டும் அவர்களுடைய கணக்கிலிருந்து ஓடும் என்றார்கள். "உங்களுக்கு எதுக்கு அக்கா அந்தத் தலைவலி?" அந்தத் தலைவலியை அன்றைக்கே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் ரிப்போர்ட் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். முதல் மாதம் 1.1 லட்சம் இம்ப்ரெஷன், இரண்டாம் மாதம் 2.3 லட்சம், மூன்றாம் மாதம் 3.6 லட்சம். ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து நானும் பூரித்துப் போனேன். மூன்றரை லட்சம் பேர் நம் கடையைப் பார்த்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இம்ப்ரெஷன் என்றால் ஆள் கணக்கு இல்லை, விளம்பரம் திரையில் வந்த தடவைக் கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே ஆள் ஐந்து தடவை பார்த்தால் ஐந்து. ஆட்களை எண்ணுவது ரீச் என்ற வேறொரு எண். அது எங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் வந்ததே இல்லை.

என் மாமனாருக்கு மட்டும் முதலிலிருந்தே சமாதானம் இல்லை. "நோட்டீஸ் அடிக்கறவன் கட்டைக் கொண்டாந்து மேசை மேல வெப்பான். எண்ணிப் பாத்துக்கலாம். இவன் என்னத்தைக் கொண்டாந்து வெச்சான்?" என்று கேட்டார். காலம் மாறிப்போச்சுங்க மாமா என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

நான்காம் மாதம் முடியும்போது, ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி வீடியோ காலில் வந்தார்கள். அந்தப் பையன் தன் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். காலேஜில் படிக்கிற என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கால் முடிந்ததும் என்னிடம், "அம்மா, மேல தேதிக் கட்டத்தைப் பாத்தியா?" என்றாள். நான் எங்கே பார்த்தேன்? நல்லவேளை, அவள் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். மாதக் கணக்கு என்று எங்களுக்குக் காட்டியது ஒரு மாதக் கணக்கே இல்லை. விளம்பரம் தொடங்கிய நாளிலிருந்து மொத்தமும் சேர்ந்த கணக்கு. மொத்தம் எப்படிக் குறையும்? ஏறத்தானே செய்யும். வளர்ச்சி வளர்ச்சி என்று நான் பெருமைப்பட்டது அதைத்தான்.

அதே படத்தின் ஓரத்தில் இன்னொரு பத்தி இருந்தது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பும்போதெல்லாம் வெட்டிவிட்ட பத்தி. செலவான தொகை: 16,460 ரூபாய். அதுவும் நான்கு மாதத்துக்கும் சேர்த்து. விளம்பரத்துக்கு என்று நாங்கள் கொடுத்தது 80,000. மீதி 63,540 எங்கே என்று கேட்டதற்கு, கிரியேட்டிவ் செலவு, ஆப்டிமைசேஷன் செலவு என்று வாயில் நுழையாத பெயர்களாகச் சொன்னார்கள். சரி, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்துகிற மெட்டா நிறுவனம் கொடுத்த ரசீதைக் காட்டுங்கள் என்றேன். பணம் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் மெட்டா ரசீது போடும், கணக்குக்குள் போய் எடுத்துக்கொள்ளலாம். "அதுல மத்த கிளையண்ட் விவரமும் இருக்குது, காட்ட முடியாதுங்க மேடம்" என்று பதில் வந்தது. அக்கா அன்றைக்கு மேடம் ஆகிவிட்டேன்.

அப்புறம் மகள் மெட்டாவின் விளம்பர நூலகத்தைக் காட்டினாள். எந்தப் பக்கம் இந்த நிமிடம் என்ன விளம்பரம் ஓட்டுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம், ஃபேஸ்புக் கணக்குகூட வேண்டாம். ஒப்பந்தம் முடிய இன்னும் 12 நாள் இருந்தது. தினமும் காலையும் மாலையும் எங்கள் கடைப் பெயரைத் தேடினோம். இரண்டு நாள்தான் விளம்பரம் இருந்தது. மற்ற பத்து நாளும் ஒன்றுமே இல்லை.

ஓடிய விளம்பரமும் சரியாக ஓடவில்லை. விளம்பரம் போடும்போதே நோக்கம் என்ன என்று மெட்டா கேட்கும். லைக் வேண்டும் என்று சொன்னால், லைக் போடுகிற ஆட்களைத் தேடிக் காட்டும். விசாரிக்கிறவர்கள், வாங்குகிறவர்கள் வேண்டும் என்றால் அதைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குச் செலவு கூடும். இவர்கள் லைக்கைத் தேர்ந்தெடுத்து, ஊர் என்ற இடத்தில் இந்தியா முழுவதையும் போட்டுவிட்டார்கள். தமிழில் எழுதிய எண்ணெய் விளம்பரத்துக்குக் கீழே இந்தியில் குட் மார்னிங் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்டாகிராமில் எட்டாயிரம் ஃபாலோயர் சேர்ந்திருந்தார்கள். எந்த ஊர்க்காரர்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தால் முதல் இடத்தில் இந்தோனேசியாவின் ஜகார்த்தா. ஈரோடு ஐந்து இடத்துக்குள் வரவே இல்லை.

எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் கூகுள் ரிவியூ. பத்து வருடமாக எங்கள் வாடிக்கையாளர்கள் அவர்களாகவே எழுதியது நாற்பது சொச்சம் இருந்தது. இவர்கள் ஒரே வாரத்தில், ஐந்து நட்சத்திரம் போட்ட பொய் ரிவியூ அறுபதை இறக்கினார்கள். ஒன்றில் "ரூம் சுத்தமாக இருந்தது" என்று இருந்தது. எண்ணெய்க் கடையில் ஏது ரூம்? ஒரு மாதம் கழித்து கூகுள் அதையெல்லாம் தூக்கியது, அதோடு சேர்த்து உண்மையானவை பாதியும் போய்விட்டன. நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி போடுவதை நின்று பார்த்துவிட்டு ஒரு டீச்சரம்மா நீளமாக எழுதியிருந்தார். அதுவும் போச்சு. பொய் ரிவியூவைக் கட்டுப்படுத்த 2022 நவம்பரிலேயே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. விரும்பினால் பின்பற்றலாம் என்பதுபோல வைத்ததால் இவர்களை மாதிரி ஆட்களை அது என்ன செய்யும்?

கூகுள் கணக்கை மட்டும் மீட்டுவிட்டோம். அவர்கள்தான் முதன்மை உரிமையாளர் என்று மாற்றி வைத்திருந்தார்கள். நாங்கள் உரிமை கேட்டு விண்ணப்பித்தோம். மூன்று நாளில் அவர்கள் பதில் சொல்லாததால், கடையை வீடியோ எடுத்து அனுப்பி உறுதிப்படுத்தி வாங்கினோம். அந்தக் கணக்கு இலவசம். அதை வைத்துக்கொள்ள மாதக் கட்டணம் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இப்போது எங்கள் பெயரிலேயே விளம்பரக் கணக்கு இருக்கிறது. பணம் எங்கள் யுபிஐயிலிருந்து நேராக மெட்டாவுக்குப் போகிறது. நாளைக்கு வேறு ஒருவரை வேலைக்கு வைத்தாலும், எங்கள் கணக்குக்குள் அவரைச் சேர்த்துக்கொள்வோமே தவிர, அவர் கணக்கில் எங்கள் பணத்தைப் போட மாட்டோம். நேர்மையாக வேலை செய்கிறவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. சனி, ஞாயிறு மட்டும் நாளுக்கு 300 ரூபாய், கடையைச் சுற்றி 15 கிலோமீட்டருக்குள், தட்டினால் நேராக எங்கள் வாட்ஸ்அப் திறக்கிற மாதிரி மகள் போட்டிருக்கிறாள். போன வாரம் பதினொரு பேர் விசாரித்தார்கள், நான்கு பேர் வாங்கினார்கள். மாமா அந்த நான்கு பேரையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். பதிவு எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை. இணையதளம்தான் போனது போனதாகவே இருக்கிறது. இணையதளத்தின் முகவரியை (டொமைன்) எங்கள் பெயரில் இல்லாமல் அவர்கள் மின்னஞ்சலில் பதிவு செய்துகொண்டார்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்ச் சுமாருக்குக் கிடைக்கிற முகவரியைத் திருப்பித் தர 15,000 கேட்கிறார்கள். கொடுப்பதாக இல்லை. ஆனால் எண்ணெய் பாட்டிலுக்கு அடித்து வைத்த இரண்டாயிரம் லேபிளிலும் அந்த முகவரி இருக்கிறது. ராத்திரி கடை சாத்திய பிறகு நானும் மகளும் உட்கார்ந்து, அதன் மேல் வாட்ஸ்அப் எண் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். இதுவரை அறுநூறு ஒட்டியிருப்போம்.