"டெஸ்க்டாப் ராம்" என்று சொல்லி ஏஎம்டி ராமைத் தலையில் கட்டுகிறார்கள்: இன்டெல் போர்டு வைத்திருப்பவர்கள் கவனம்

பழைய டெஸ்க்டாப்புக்கு டிடிஆர்3 ராம் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஏஎம்டி பிராசஸர் உள்ள பழைய மெஷினில் மட்டும் ஓடும் ராமை, இன்டெல் பிராசஸர் மெஷினுக்கும் போகும் என்று சொல்லி விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எங்களுக்கு நடந்தது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இதே சரக்கு ஆன்லைனிலும் தாராளமாக ஓடுகிறது, அதனால் பெயரைவிட விவரம்தான் உங்களுக்கு உதவும்.

என் அக்கா தாம்பரம் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை நடத்துகிறார். அவர் மெஷினில் இருப்பது இன்டெல் எச்61 போர்டு (மதர்போர்டு), ஐ3-3220 பிராசஸர், 4 ஜிபி ராம். கோரல் டிராவில் இரண்டு கல்யாணப் பத்திரிகை ஃபைலைச் சேர்த்துத் திறந்தாலே மெஷின் திணறும். எஸ்எஸ்டி ஏற்கெனவே மாற்றியாயிற்று. எச்61 போர்டில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி வரை போடலாம் என்பதால் காலியாக இருந்த ஸ்லாட்டில் ஒரு 8 ஜிபி போட்டுவிடலாம் என்று கிளம்பினோம். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் புது மெஷினைப் பற்றி யோசிக்கவே முடியவில்லை.

கடையில் போர்டின் போட்டோவையே காட்டினேன். "இன்டெல், ஏஎம்டி எல்லாத்துக்கும் போகும் சார், கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். 1,100 ரூபாய். மேலே பளிச்சென்று ஒரு ஸ்டிக்கர்: 8 ஜிபி, டிடிஆர்3, 1600, டெஸ்க்டாப். தயாரித்த கம்பெனியின் பெயர் எங்குமே இல்லை.

வீட்டில் மாட்டினால் டிஸ்ப்ளே வரவில்லை. ஃபேன் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். பின்களை ரப்பரால் துடைத்தேன், பவர் கேபிளைப் பிடுங்கி சிமோஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், புது ராமை மட்டும் தனியாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய 4 ஜிபியைப் போட்டால் இரண்டு ஸ்லாட்டிலும் அழகாக ஓடுகிறது.

திரும்பக் கொண்டுபோனோம். கடைக்காரர் மேஜையில் இருந்த மெஷினில் மாட்டினார். உடனே ஆன் ஆகி 8 ஜிபி என்று காட்டியது. "பாருங்க சார், ராம் பக்கா. உங்க போர்டுதான் போச்சு. சிபியூவைக் கொண்டாங்க, பார்த்துச் சொல்றோம்." கொண்டுபோனோம். செக்கிங் சார்ஜ் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, போர்டில் மெமரி ஸ்லாட் அடிபட்டுவிட்டது, ரீஃபர்பிஷ்டு போர்டு 2,800 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். பழைய ராம் இரண்டு ஸ்லாட்டிலும் ஓடுகிறதே என்று கேட்டால், "அது லோ டென்சிட்டி சார், பெரிய ராம் போட்டாத்தான் ஃபால்ட் தெரியும்" என்று பதில். நல்ல போர்டைக் கெட்டது என்று சொல்லி இன்னொரு போர்டு விற்கப் பார்த்தார்களே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அக்கா அந்தப் பணத்தைக் கொடுக்கத் தயாராகவே இருந்தார். முகூர்த்த மாதம், மெஷின் கடையில் கிடந்ததால் பத்திரிகை ஆர்டர் ஒன்று கைவிட்டும் போய்விட்டது.

அவர்கள் மேஜை மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொன்னபோதுதான் விஷயம் பிடிபட்டது. பிராசஸர் ஏஎம்டி எஃப்எக்ஸ்.

ராமைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கச் சிப்புகளை ஸ்டிக்கர் மறைத்திருந்தது, பின்பக்கம் எதுவும் ஒட்டவில்லை. போன் கேமராவை ஜூம் பண்ணி வாசித்தால் சாம்சங் சிப், கே4பி4ஜி0446 என்று தொடங்கும் எண். அதில் அந்த 04 தான் விஷயம். ஒவ்வொரு சிப்பும் ஒரு நேரத்தில் 4 பிட் டேட்டா கொடுக்கும் வகை என்று அர்த்தம். சாதாரண டெஸ்க்டாப் ராமில் அதே இடத்தில் 08 இருக்கும், அதாவது 8 பிட் வகை. ஹைனிக்ஸ் சிப்பாக இருந்தால் எச்5டிக்யூ4ஜி43 என்பது 4 பிட், எச்5டிக்யூ4ஜி83 என்பது 8 பிட்.

ராம் பிராசஸருக்கு ஒரே நேரத்தில் 64 பிட் கொடுத்தாக வேண்டும். 4 பிட் சிப் என்றால் பதினாறும் சேர்ந்துதான் அந்த 64 வரும். 8 பிட் சிப் என்றால் எட்டே போதும், பதினாறு சிப் இருந்தால் அது இரண்டு வரிசையாக வேலை செய்யும். இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களின் மெமரி கன்ட்ரோலருக்கு, அதாவது ராமோடு பேசும் பகுதிக்கு, 4 பிட் சிப் போட்ட ராமைக் கையாளத் தெரியாது. ஏஎம்டியின் ஏஎம்3, ஏஎம்3+ காலத்து பிராசஸர்கள் சமாளித்துவிடும், கடை மேஜையில் இருந்த எஃப்எக்ஸும் அந்த வகைதான். இரண்டு வகையிலும் 8 ஜிபிக்குப் பதினாறு சிப்தான் என்பதால் சிப்பை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பயாஸை (மெஷினை ஆன் செய்யும் போர்டு மென்பொருள்) அப்டேட் பண்ணினாலும் தீராது. 4 பிட் சிப்புகள் வழக்கமாக சர்வர் ராமில் இருப்பவை. கழித்துக் கட்டிய சர்வர் ராமிலிருந்து சிப்பைப் பெயர்த்து இப்படிச் செய்கிறார்கள் என்பது என் ஊகம்.

ஏஎம்டிக்கு மட்டும் என்று ஸ்டிக்கரில் போட்டு விற்றால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. பழைய ஏஎம்டி மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மலிவான, நல்ல சரக்கு அது. தெரிந்தே மறைத்து விற்பதுதான் மோசடி.

கம்பெனி ராம் என்றால் லேபிளிலேயே 2ஆர்எக்ஸ்8 அல்லது 1ஆர்எக்ஸ்8 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் எத்தனை வரிசை என்பது, கடைசி எண் சிப் எத்தனை பிட் என்பது. கடைசி எண் 8 ஆக இருக்க வேண்டும். லேபிளில் வேகத்தைக் குறிக்கும் பிசி3-12800யூ, பிசி3-10600யூ என்பவற்றில் கடைசி எழுத்து யூ என்றால் டெஸ்க்டாப். ஆர் என்றால் சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ராம். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் வீட்டு மெஷின் ஆன் ஆகாது. கோர் 2 டுவோ காலத்து ஜி41 போர்டு வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி: ஸ்லாட்டுக்கு 4 ஜிபிதான் உச்சம், அதுவும் பதினாறு சிப் இருக்கிற 4 ஜிபியாக இருக்க வேண்டும். எட்டு சிப் மட்டும் உள்ள புது வகை 4 ஜிபி அதில் சரியாக ஓடாது.

அப்புறம் பணம். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அடித்திருந்தார்கள். அதைப் பார்த்து அடங்கிப் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படித்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகாரைப் பதிந்து, சிப் எண்ணின் போட்டோவையும் பில்லையும் கடைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 1,100 ரூபாய் யூபிஐயில் திரும்ப வந்துவிட்டது. 300 ரூபாய்க்கு பில் தரவில்லை, அது வரவில்லை.

வாங்கும்போது கூச்சப்படாமல் பின்பக்கச் சிப் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் சிபியூவையே தூக்கிக்கொண்டு போய் உங்கள் மெஷினில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் வெறும் "டெஸ்க்டாப் ராம்" போதாது, "இன்டெல் எச்61 போர்டுக்கு" என்று போர்டு மாடலோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.