தமிழ் 99: பல வருடம் புழங்கிய பிறகு

"தமிழ் 99 பழகலாமா, இல்ல இங்கிலீஷ்ல அடிச்சு தமிழா மாத்திக்கிற முறையே போதுமா?" வேலையில் தமிழ் ஆவணங்கள் எழுத வேண்டி வந்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். தமிழ் 99 என்பது கணினியில் நேரடியாகத் தமிழ் எழுத்துகளை அடிப்பதற்கான விசைப்பலகை அமைப்பு. பதில் வாட்ஸப்புக்குள் அடங்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். எந்த எழுத்து எங்கே இருக்கும் என்ற படம் தேடினால் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

நான் நிரல் எழுதுகிறவன். பகல் முழுக்க ஆங்கிலம், ராத்திரி தமிழ், இரண்டுக்கும் அதே விசைப்பலகைதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்து, அதே வருடம் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பை, நான் புழங்கும் மென்பொருள்களிலேயே நன்றாக யோசித்துச் செய்யப்பட்ட ஒன்றாக நினைக்கிறேன். 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி, மொத்தம் 31 விசை. ஷிஃப்ட்டே வேண்டாம். ஸ, ஜ மாதிரி கிரந்த எழுத்துகளுக்கும் ஆய்தத்துக்கும்தான் அது தேவைப்படும். உயிரெல்லாம் இடது கையில், மெய்யில் பெரும்பாலானவை வலது கையில். தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி ஓடும். அடிக்கடி தேவைப்படும் புள்ளி, இடது ஆள்காட்டி விரல் தங்கும் எஃப் விசையில் இருக்கிறது. அந்த விசையில் தடவினால் தெரிகிற சின்ன மேடு இருக்குமே, அதே விசைதான்.

என்னை இதில் கட்டிப்போட்டது தானாக விழும் புள்ளி. அ, ம, ம, ஆ என்று நான்கு விசை அடித்தால் 'அம்மா'. ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்துவிடும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்று இன எழுத்துகள் சேர்ந்து வந்தாலும் அப்படியே. 'பந்து'வுக்கு ப, ந, த, உ. நான்கே விசை. தமிழில் எந்த மெய்யோடு எந்த மெய் சேரும் என்ற இலக்கணத்தையே விசைப்பலகைக்குள் வைத்திருக்கிறார்கள். வேறெந்த மொழிக்கோ செய்ததைத் தமிழுக்கு ஒட்டவைத்த வேலை இல்லை இது. இத்தனை வருடம் கழித்தும், வேகமாக அடிக்கும்போது புள்ளிகள் சரியான இடத்தில் விழுவதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அதே வசதிதான் எரிச்சலும். 'நதி' என்று எழுத ந, த, இ அடித்தால் 'ந்தி' என்று வந்து நிற்கும். ந-வுக்கும் த-வுக்கும் நடுவில் அ விசையைத் தட்ட வேண்டும். நத்தை, நந்தி, பப்பாளி, ததும்பு எல்லாவற்றுக்கும் இதே கதை. விதி தெரிந்தாலும், எழுத்து வேகத்தில் ஓடும்போது விரல் அந்த அ-வை விட்டுவிடுகிறது. அப்புறம் மொழி மாற்ற மறந்து, நிரலர்கள் கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் கிட் (git) என்ற கட்டளையை அடித்தால் 'எனே' என்று வரும், எல்எஸ் (ls) அடித்தால் 'தி'. இதற்கு வழி இருக்கிறது, கேப்ஸ் லாக்கை மொழி மாற்றும் விசையாக வைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் சில்லறைக் குறைகள்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். தமிழ் 99 என்று பெயர் போட்டுவிட்டு, தானியங்கிப் புள்ளியை விட்டுவிட்ட செயலிகள் இருக்கின்றன. சமீபத்தில் அலுவலகக் கணினியை மாற்றியபோது அப்படி ஒன்றில்தான் மாட்டினேன். ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற வெறும் பட்டியலால் இதைச் செய்ய முடியாது. முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும் உள்ளீட்டு நிரல் வேண்டும். லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற இரண்டு உள்ளீட்டு மென்பொருள்களும் சேர்ந்து அதைச் செய்கின்றன. செய்ய முடிகிற வேலையைப் பாதியில் விட்டு வெளியிடுவது பயனர் மீது அக்கறை இல்லாத வேலை. தமிழில் எவன் வந்து கேட்கப்போகிறான் என்ற நினைப்புதான் அதற்குக் காரணம் என்பேன்.

ஆங்கில எழுத்தில் அடித்து மாற்றும் முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே எழுத வரும், அதனால்தான் எல்லோரும் அதை எடுக்கிறார்கள். கருவி வாங்குவது, மொழி கற்பது, வேலை மாறுவது என எல்லாவற்றிலும் முதல் நாள் சுகத்தை வைத்தே முடிவெடுக்கிறோம். பத்து வருடம் புழங்கப் போகிற ஒன்றுக்கு அது தப்பான அளவுகோல். அந்த முறையில் ந-வா ன-வா என்பதை மென்பொருள் ஊகிக்கிறது. ல, ள, ழ வரும்போது ஆங்கில எழுத்து வழியாகச் சுற்றிக்கொண்டு தமிழுக்கு வருகிறோம். தமிழ் 99-இல் ழ வேண்டுமென்றால் ழ விசை. அவ்வளவுதான். எந்த எழுத்து என்று நீங்களே முடிவு செய்தாக வேண்டும் என்பதால் எழுத்துப்பிழை குறையும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, நண்பருக்கு நான் தரும் பதில்: வேண்டாம். அவர் எழுதுவது பெரும்பாலும் கைபேசியில், வாரத்துக்கு ஓரிரு பத்தி. கட்டைவிரலால் தட்டும்போது இரண்டு கை ஓட்டம், எஃப் மேடு எதற்கும் அர்த்தமில்லை. 31 எழுத்தும் அந்தச் சின்னத் திரையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். டைப்ரைட்டிங் ஹையர் தேர்வு முடித்து பழைய தட்டச்சு முறையில் விரல் ஓடுகிறவர்களும் அதிலேயே இருக்கலாம், அந்த வேகத்தை இழக்கத் தேவையில்லை. நானே நிரல் எழுத, வழக்கமான ஆங்கில விசை அமைப்பான க்வெர்ட்டியை விட்டு, ட்வோராக் என்ற மாற்று அமைப்புக்குப் போகவில்லை. குறுக்குவிசைகளையெல்லாம் புதிதாகப் பழக எனக்கு நேரமில்லை.

தினமும் ஒரு பக்கமாவது கணினியில் தமிழ் எழுதுகிறவராக இருந்தால் மட்டும் இன்றே தொடங்குங்கள். முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். செயலியை நிறுவியதும் அ, ம, ம, ஆ அடித்துப் பாருங்கள். 'அமமா' என்று வந்தால் உடனே நீக்கிவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.