மலாக்காவா, பாத்தாமா, பினாங்கா: நான்கு நண்பர்கள், ஒரு வாரயிறுதி

கிட்ட இருக்கும் ஊர் என்றால் செலவும் குறைவு, நேரமும் மிச்சம் என்ற கணக்கில்தான் சிங்கப்பூரில் பல நண்பர் குழுக்கள் முதலில் மலாக்காவைச் சொல்கின்றன. செலவைப் பொறுத்தவரை அது சரி. நேரத்தைப் பொறுத்தவரை தவறு. சனி, ஞாயிறு இரண்டே நாள் கையில் இருக்கும்போது, 240 கிலோமீட்டரில் இருக்கும் மலாக்காவைவிட 700 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பினாங்கில்தான் ஊர் சுற்ற அதிக நேரம் கிடைக்கும். நம்பக் கடினமாக இருந்தால் மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மலாக்கா: சனி விடிகாலை 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பெரிய நெரிசல் இல்லாத நாளில் காலை பத்தரைக்கு ஊருக்குள் இருக்கலாம். இரவு 11 வரை பன்னிரண்டரை மணி நேரம். ஞாயிறு மாலை நெரிசலில் சிக்காமல் இருக்க 11 மணிக்கே கிளம்ப வேண்டும் என்பதால் அன்று காலை 8 மணியிலிருந்து 3 மணி நேரம். ஆக பதினைந்தரை. பினாங்கு: காலை 8 மணி விமானத்தைப் பிடித்தால் 11 மணிக்கு ஜார்ஜ் டவுனில் இருக்கலாம். சனிக்கிழமை 12 மணி நேரம், ஞாயிறு மாலை விமானத்துக்கு 3 மணிக்குப் புறப்பட்டால் அன்று 7 மணி நேரம். ஆக 19. பாத்தாம்: இந்தோனேசியத் தீவு என்பதால் அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. காலை 8 மணிக்கு ஹார்பர்ஃபிரண்டில் ஃபெரி ஏறினால் பாத்தாம் நேரப்படி காலை 8 மணிக்கே இறங்கலாம். குடிநுழைவு முடித்து 9 மணியிலிருந்து எண்ணினால் 14, ஞாயிறு மதியம் 2 மணி வரை இன்னொரு 6. மொத்தம் 20. இலவசமாகக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தைத் திரும்பும்போது கொடுத்துவிட வேண்டும்: மாலை 5 மணிக்குப் புறப்படும் ஃபெரி சிங்கப்பூர் நேரப்படி ஏறக்குறைய 7 மணிக்குத்தான் வந்து சேரும். மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

இனி பணம். நண்பர்கள் சேர்ந்து போவதால் எல்லாமே மலிவாகிவிடாது. அறை, வாடகை வண்டி ஆகியவை பங்கு போட்டால் குறையும். ஃபெரி டிக்கெட், விமான டிக்கெட், சாப்பாடு ஆகியவை தலைக்கு இவ்வளவு என்று நிற்கும், எத்தனை பேர் சேர்ந்தாலும் குறையாது. பாத்தாம் ஃபெரிக்கு இருவழிக் கட்டணம் வரிகளோடு ஏறத்தாழ 60 முதல் 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஆகிறது. சாங்கியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பயணியின் டிக்கெட்டிலும் 65 வெள்ளி 20 காசு விமான நிலையக் கட்டணங்களாகவும் வரியாகவும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறது. விமான நிறுவனம் இருக்கையை இலவசமாகவே கொடுத்தாலும் அதற்குக் கீழே விலை இறங்க வழியில்லை. பேருந்தில் அப்படி ஒரு தரை விலை கிடையாது.

தோராயக் கணக்கு இது, நான்கு பேர், இரண்டு அறைகள். மலாக்காவில் இரண்டு இரவு: ஜொகூர் பாரு வழியாகப் பேருந்து மாறிப் போனால் போக வர தலைக்கு 24 வெள்ளி, நேரடிச் சொகுசுப் பேருந்து என்றால் 50 முதல் 70. அறை ஒன்று 200 ரிங்கிட் என்று வைத்தால், மலேசியர் அல்லாதவர்களிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் வீதம் வாங்கும் சுற்றுலா வரியோடு தலைக்கு 210 ரிங்கிட், அதாவது சுமார் 65 வெள்ளி. சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து 60 வெள்ளி. மொத்தம் 150 வெள்ளிக்குள் அடங்கும். பாத்தாமில் ஒரே இரவு: ஃபெரி 70, அறைப் பங்கு 30, சாப்பாடு 45, ஓட்டுநரோடு வண்டிக்குப் பங்கு 15 முதல் 20. மொத்தம் 165 வரை. பாத்தாமின் ஓர் இரவு மலாக்காவின் இரண்டு இரவைவிடக் கூடுதலாகிறது. பினாங்கு இரண்டு நாள், ஓர் இரவு: வாரயிறுதி விமானம் 150 வெள்ளிக்குள் கிடைத்தால் நல்ல விலை, மற்றதெல்லாம் சேர்த்து 240ஐத் தாண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுக்காத குழு பினாங்கைத் தொடாமல் இருப்பது நல்லது.

எனவே இரண்டே நாள் என்றால் பாத்தாம். ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் மலாக்கா, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த விடுப்பை வெள்ளிக்கிழமை எடுக்காதீர்கள், திங்கட்கிழமை எடுங்கள்.

திங்கள் ஏன்?

ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில்தான். சனி விடிகாலை போய்த் திங்கள் நண்பகலில் திரும்பினால் இரண்டு இரவுச் சந்தை கிடைக்கிறது. ஞாயிறு இரவு அறை வாடகை சனி இரவைவிடப் பெரும்பாலும் இறங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிறு மாலை சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் நிற்க வேண்டியதில்லை. ஜொகூர் மாநிலம் 2025 ஜனவரி முதல் வெள்ளி, சனி விடுமுறையை விட்டுச் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. முன்பு இரு பக்க விடுமுறையும் ஒரு நாள் விலகி இருந்தது, இப்போது ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. சிங்கப்பூர் மட்டுமல்லாமல் மலேசியப் பள்ளி விடுமுறை நாள்காட்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

நேரடிப் பேருந்தில் வசதி அதிகம், ஆனால் சோதனைச்சாவடியில் அது யாருக்காகவும் நெடுநேரம் நிற்காது. இரண்டு பக்கமும் இறங்க வேண்டும். மலேசியப் பக்கத்தில் பையையும் தூக்கிக்கொண்டு போய் வருடியில் வைத்து எடுக்க வேண்டும். குழுவில் ஒருவர் மட்டும் வேறு நாட்டுக் கடப்பிதழ் வைத்திருந்தால் அவருடைய வரிசை மெதுவாக நகரும். மற்ற மூவரும் பேருந்தில் உட்கார்ந்திருக்க, அவர் வரும்முன் ஓட்டுநர் கிளம்பிவிடுவது இப்படித்தான். இறங்கும்போதே பேருந்தின் எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதமாகக்கூடியவரை முதலில் வரிசைக்கு அனுப்புங்கள்.

அப்படி ஒருவர் இருந்தால் மாறிப் போகும் வழியே பாதுகாப்பு. குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170 பேருந்தில் ஜொகூர் பாருவின் லார்க்கின் சென்ட்ரல் பேருந்து நிலையம் வரை. சாவடியில் ஒன்றைத் தவறவிட்டால் பின்னால் வரும் 170இல் ஏறிக்கொள்ளலாம். லார்க்கினிலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு ஏறக்குறைய 25 ரிங்கிட், சுமார் 3 மணி நேரம். இந்த டிக்கெட்டை முன்கூட்டி எடுக்க வேண்டுமானால் சாவடித் தாமதத்துக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு எடுங்கள். மலாக்கா சென்ட்ரல் பழைய நகரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நால்வருக்குச் செயலியில் அழைக்கும் ஒரு கிராப் வண்டி பேருந்தைவிடப் பெரிதாகக் கூடுதலாகாது. ஐந்து பேர் என்றால்தான் சிக்கல்: ஒரு சாதாரண வண்டியில் ஏற முடியாது, ஆறு பேர் வண்டிக்கு விலை ஏறும், அறையும் ஒன்றரை மடங்காகிவிடும். நான்கு அல்லது ஆறு நல்ல எண்ணிக்கை.

சொந்தக் காரில் போவது நால்வருக்குக் கணக்கில் சரியாகத் தெரியும். வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி இல்லாமல் போகாதீர்கள், 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம் போடுகிறார்கள். சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது எரிபொருள் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். மானிய விலை ரான்95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்கு ஊற்றக்கூடாது. இவ்வளவுக்கும் பிறகு நெரிசலில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது ஒரே ஒரு நண்பர்.

யுனெஸ்கோ 2008இல் மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் ஒன்றாகத்தான் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. பழைய தெருக்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இரண்டுக்கும் செலவழிக்கத் தேவையில்லை. மலாக்காவில் தமிழர்கள் தவறவிடக்கூடாதது, துக்காங் எமாஸ் தெருவில் 1781இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயக மூர்த்தி கோயில். ஒரே தெருவில் அதற்கு அருகே பள்ளிவாசலும் சீனக் கோயிலும் இருக்கின்றன. காஜா பெராங் பக்கம் மலாக்கா செட்டிகளின் கம்பம் (கிராமம்) இருக்கிறது. மலாய் பேசி, சைவ சமயம் வழுவாமல் வாழும் நம்மவர்கள் அவர்கள். ஞாயிறு காலையை இதற்கு ஒதுக்கலாம்.

பாத்தாமில் முதலில் துறைமுகத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு ஹோட்டல். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து பாத்தாம் சென்டர், ஹார்பர் பே, செகுபாங் துறைகளுக்கும், தானா மேராவிலிருந்து நொங்சாவுக்கும் ஃபெரி போகிறது. நாகோயா கடைத்தெருவில் தங்குகிறவர்களுக்கு ஹார்பர் பே மிக அருகில். நொங்சா ரிசார்ட்டில் அறை எடுத்துவிட்டு செகுபாங்குக்கு டிக்கெட் எடுத்தால் தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வண்டிப் பணம் கட்ட வேண்டிவரும். துறைமுக வாசலில் செயலி வண்டிகள் ஆளை ஏற்றத் தயங்குவதுண்டு. பாத்தாம் சென்டரில் இறங்கினால் நடைபாலம் வழியாக எதிரேயுள்ள மெகா மாலுக்குப் போய் அங்கிருந்து அழைப்பது எளிது. திரும்பும் ஃபெரிக்கு நேரம் குறிக்காத டிக்கெட் எடுப்பவர்கள் ஞாயிறு மதியத்துக்குள் இருக்கையை உறுதிசெய்துவிட வேண்டும். மாலை ஃபெரிகள் நிரம்பிவிடும்.

சைவ நண்பர் இருந்தால் பாத்தாம் சற்றுக் கடினம். சோயாவில் செய்யும் டெம்பே, தாவு பொரியல் எங்கும் கிடைக்கும், ஆனால் கூடவே வரும் சம்பால் மிளகாய்த் துவையலில் இறால் விழுது இருக்கும். சொல்லித்தான் வாங்க வேண்டும். மலாக்காவிலும் பினாங்கிலும் வாழையிலைக் கடைகள் இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

பினாங்குக்குச் செனாய் வழி

சாங்கியின் 65 வெள்ளியைத் தவிர்க்க, ஜொகூரின் செனாய் விமான நிலையத்திலிருந்து பினாங்குக்குப் பறக்கலாம். அது உள்நாட்டு விமானம் என்பதால் பயணிக் கட்டணம் மிகக் குறைவு. டிக்கெட் விலையைப் பார்த்தால் பாதிக்குப் பாதி மிச்சம் போலத் தெரியும். ஆனால் கடற்பாலம் எப்போது அடைத்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. விமானம் போய்விட்டால் மலிவு டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது, நால்வரும் புது டிக்கெட் எடுக்க வேண்டும். வீட்டிலிருந்து 5 மணி நேரம் ஒதுக்க முடிகிற வார நாளில் இந்த வழி நல்ல வழி. சனி காலைக்கு வேண்டாம்.

கைப்பை எடையிலும் காசு போகும். விமான நிறுவனங்களில் ஸ்கூட் 10 கிலோவும் ஏர்ஏஷியா 7 கிலோவும் அனுமதிக்கின்றன. போவது ஒன்றில், வருவது இன்னொன்றில் என்று எடுத்தால் குறைந்த எடைக்கே பையைக் கட்ட வேண்டும். தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி ஏற நினைப்பவர்கள் வெயிலுக்கு முன் போங்கள். தைப்பூச வாரத்தில் சிக்கன அறை கிடைப்பது அரிது.

கடப்பிதழ்கள்

நம் நண்பர் குழுக்களில் ஒருவர் குடிமகன், ஒருவர் இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசி, ஒருவர் வேலை அனுமதியில் இருப்பவர் என்று கலந்திருப்பது வழக்கம். ஊரை முடிவு செய்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் ஆறு மாதச் செல்லுபடி, நிரந்தரவாசிக்கு மறுநுழைவு அனுமதியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். மலேசியா இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. ஆனால் சிங்கப்பூர்க் குடிமக்கள் தவிர மற்றவர்கள் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இந்தோனேசியாவில் இந்தியக் கடப்பிதழுக்கு வருகை விசா 500,000 ரூப்பியா, ஏறக்குறைய 40 வெள்ளி. சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் பாத்தாம், பிந்தான், காரிமுன் தீவுகளுக்கு மட்டும் நான்கு நாள் விசா இல்லாமல் போக 2025இல் வழி செய்தார்கள். வேலை அனுமதியில் இருப்பவருக்கு அது பொருந்தாது. அவருக்குப் பாத்தாம் 205 வெள்ளி ஆகிவிடும். அந்தக் குழுவுக்கு மலாக்காவே நியாயம்.

திரும்பும்போதும் இதே வேறுபாடு வரும். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்கு 100 வெள்ளி வரை, அதற்கு மேல் என்றால் 500 வெள்ளி வரை வாங்கிய பொருளுக்குப் பொருள் சேவை வரி விலக்கு. வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது, முதல் வெள்ளியிலிருந்து 9 விழுக்காடு. மலேசியாவிலிருந்து வருகிறவர் யாருக்கும் மதுவுக்குத் தீர்வைச் சலுகை இல்லை.

ரிங்கிட்டைச் சிங்கப்பூரில் தேக்காவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், தலைக்கு 100 ரிங்கிட் பொதுப் பையில் போட்டு ஒருவரிடம் கொடுங்கள். கிராப், சாப்பாடு எல்லாம் அதிலிருந்தே போகட்டும். அட்டையில் கட்டும்போது கருவி சிங்கப்பூர் வெள்ளியில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், மாற்று விகிதத்தில் நட்டம் அங்கேதான். டிக்கெட்டையும் அறையையும் நால்வரின் பணமும் கைக்கு வந்த பிறகு எடுங்கள். கடைசி வாரத்தில் ஒருவர் விலகினால் பேருந்து டிக்கெட்டில் நட்டமாவது 12 வெள்ளிதான். விமானத்தில் அவர் டிக்கெட் முழுதும் போகும், மீதி மூவருக்கு அறைப் பங்கும் ஏறும். விலகுகிறவர் தன் அறைப் பங்கைக் கொடுத்துவிட வேண்டும் என்பதைப் பணம் வாங்கும் நாளிலேயே பேசிக்கொள்ளுங்கள்.