பேப்பருக்கு எவ்வளவு, இரும்புக்கு எவ்வளவு? பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86, ஹோண்டா எஸ்2000: ஓர் ஒப்பீடு

பத்து வயது கடந்த ஸ்போர்ட்ஸ் காரைச் சிங்கப்பூரில் வாங்குபவர் இரண்டு பொருள்களுக்குப் பணம் கொடுக்கிறார். ஒன்று சிஓஇ, அதாவது அந்தக் காரைச் சாலையில் ஓட்டுவதற்கான உரிமை. மற்றது கார். முதலாவதைப் பேப்பர் என்றும் இரண்டாவதை இரும்பு என்றும் சொல்கிறேன். விளம்பரத்தில் இரண்டும் ஒரே தொகையாக வருகின்றன. விலை பேசப் போகும் முன் அதைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். உரிமைக்கு எத்தனை வருடம் மிச்சம் என்பது பேப்பரில் தெளிவாக இருக்கும். உடம்பு எத்தனை வருடம் தாங்கும் என்பதைத் துருதான் சொல்லும். இந்த இரண்டு ஆயுளும் பொருந்தாத காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முதலில் கணக்கு. சிஓஇயைப் பத்து வருடத்துக்குப் புதுப்பித்தால் முந்தைய மூன்று மாத சிஓஇ ஏல விலைகளின் சராசரியைக் கட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு அதில் பாதி. புதுப்பித்ததும் பார்ஃப் தள்ளுபடி, அதாவது காரை அழிக்கும்போது அரசு திருப்பித் தரும் பதிவுக் கட்டணப் பகுதி, போய்விடும். காரை அழிக்கும்போது கையில் வருவது பெரும்பாலும் சிஓஇயின் மீதிதான். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டிப் பத்து வருடம் புதுப்பித்த கார், ஆறு வருடம் மிச்சத்தோடு 84,000 வெள்ளிக்கு வருகிறது. அதில் பேப்பர் மதிப்பு 60,000, இரும்பின் விலை 24,000. வருடத் தேய்மானம் 14,000. இன்னொருவர் 50,000 கட்டி ஐந்து வருடம் புதுப்பித்தது, மூன்று வருடம் மிச்சத்தோடு 48,000க்கு வருகிறது. பேப்பர் 30,000, இரும்பு 18,000. வருடத்துக்கு 16,000.

எல்லாரும் கேட்பது “டிப்ரி எவ்வளவு?”, அதாவது வருடத் தேய்மானம் எவ்வளவு என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு முதல் கார் ஜெயிக்கிறது. ஆனால் அதன் உடம்பு மூன்றாம் வருடத்திலேயே கைவிட்டால்? பேப்பரில் 30,000 திரும்ப வரும். மூன்று வருடத்தில் போனது 54,000, வருடத்துக்கு 18,000. மலிவாகத் தெரிந்த காரே விலை கூடியதாகிவிடுகிறது. இடையில் வரும் வெல்டிங், பெயின்ட் செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை.

நம் சாலைகளில் யாரும் உப்புப் போடுவதில்லை. பனி விழும் ஊர்களில் இரண்டு குளிர்காலத்தில் வருகிற துரு இங்கே வர வெகுகாலம் ஆகும். பழைய கார்களை இறக்குமதி செய்யவும் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதனால் ஹொக்கைடோ பனியைக் கண்ட கார் வந்திருந்தாலும் மிகக் குறைவாகத்தான் கண்டிருக்கும். ஜப்பானில் காரை ஏலம் விட்டபோது அதன் நிலையைக் குறித்த ஏலத்தாள் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள கார் படத்தில் எஸ் என்ற எழுத்து துருவைக் குறிக்கும், சி என்றால் அரிப்பு. இங்கே எதிரி தேங்கி நிற்கும் தண்ணீர்தான். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) திறந்தவெளிக் கார்ப்பேட்டையில் மரத்தடியில் நின்ற காரின் வடிகால் துளைகளை இலைகளும் தூசியும் அடைத்துவிடும். அப்புறம் ஒவ்வொரு மழையும் உள்ளேதான் போகும்.

இந்த விஷயத்தில் மாஸ்டா எம்எக்ஸ்-5 மாட்டிக்கொள்வதுபோல வேறெதுவும் மாட்டிக்கொள்ளாது. 2005இல் வந்த என்சி தலைமுறையைத்தான் சொல்கிறேன். கூரை மடங்கும் இடத்தில் விழும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். குழாய் அடைத்தால் இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பளம் ஊறும். முந்தைய என்ஏ, என்பி கார்களில் அதே தண்ணீர் கதவுக்கடியில் நீளமாக ஓடும் ‘சில்’ என்ற உடற்சட்டத்துக்குள் போய், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் குமிழாகத் தெரியும்போது உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். சோதனை எளிது. கூரையைத் திறந்து, வடிகால் வாயில் அரைக் கோப்பை தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் சொட்டவில்லை என்றால் அது எங்கேயோ தங்குகிறது. பிறகு இருக்கைக்குப் பின்னால் கம்பளத்துக்குள் கைவிட்டு அடித்தகட்டைத் தொட்டுப் பாருங்கள். கார் கழுவி ஒரு வாரம் ஆகியும் விரலில் ஈரம் ஒட்டினால், விற்பவர் என்ன சொன்னாலும் விலை இறங்கியாக வேண்டும். இருக்கையின் தண்டவாளப் போல்ட்டுகளையும் பாருங்கள். அவற்றில் செம்மண் நிறத் துரு இருந்தால், மழைநீரோ வெள்ளமோ உள்ளே நின்றிருக்கிறது.

என்சிதான் ஐந்து வருட சிஓஇக்கு நல்ல பொருத்தம் என்பேன். ஐந்து வருடப் புதுப்பிப்பை மறுபடி புதுப்பிக்க முடியாது. முடிந்ததும் கார் சாலையை விட்டுப் போய்விடும். ஆக, மிச்சம் மூன்று வருடம் இருக்கும்போது கதவோரக் கீறலுக்கும் பம்பருக்குள் இருக்கும் மேல்துருவுக்கும் மனம் உடையத் தேவையில்லை. சில்லும் சேஸி நீளச்சட்டமும் கெட்டியாக இருந்தால் போதும். பத்து வயது தாண்டிய கார் வருடாவருடம் பரிசோதனைக்குப் போக வேண்டும். சட்டத்தில் ஓட்டை விழுந்தால் அங்கே தப்பிக்க முடியாது.

டொயோட்டா 86, அதன் இரட்டைப் பிறவியான சுபாரு பிஆர்இசட் இரண்டும் 2012இல் வந்தவை. கூரை மடங்காது. அதனால் துருக்கதை சுருக்கமானது: டிக்கி கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள், அடியில் பின் சப்ஃபிரேமை, அதாவது பின்சக்கர சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டத்தைப் பாருங்கள். நான் பயப்படுவது பழைய சொந்தக்காரரின் கைவேலைக்குத்தான். அகலச் சக்கரம் போடப் பின்மட்கார்டின் உள்விளிம்பை மடித்திருப்பார்கள். மடித்த இடத்தில் பெயின்ட் வெடித்திருக்கும், அங்கேதான் துரு பிடிக்கும். விரலை உள்ளே விட்டு விளிம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆரம்பகால எஞ்சின்களின் வால்வு ஸ்பிரிங்குக்காக 2018இல் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை முடிந்ததற்கான ரசீதையும் கேளுங்கள். பத்து வருட சிஓஇ மிச்சத்தோடு வாங்கத் தகுந்தது இந்த மூன்றில் இதுதான் என்பது என் முடிவு.

ஹோண்டா எஸ்2000 தனி உலகம். 1999 முதல் 2009 வரை செய்தார்கள். 9,000 சுற்று வரை பாடும் அந்த எஞ்சினை ஒருமுறை கேட்டவருக்குக் கணக்கு மறந்துபோகும், எனக்கும் அது புரிகிறது. ஆனால் இங்கே பேப்பரைவிட இரும்பின் விலை தலைதூக்கி நிற்கிறது. 2020 தொடக்கத்தில் பி பிரிவு (பெரிய எஞ்சின் கார்கள்) சிஓஇ 40,000 வெள்ளிக்கும் கீழே இருந்தது. 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியைத் தொட்டது. 2020இல் மலிவாகப் புதுப்பித்த காரின் பேப்பர் மதிப்பு இன்று சொற்பம். விற்பவர் கேட்கும் பெருந்தொகை முழுக்க உடம்புக்குத்தான். அப்படியானால் உடம்பு அந்தத் தொகைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று அடித்துப் பேசலாம். இதை மறுபடி புதுப்பிக்கிற எண்ணத்தில்தான் வாங்குவார்கள் என்பதால், இன்றைய சின்னக் குமிழும் பத்து வருடக் கடன்.

எஸ்2000இல் பின்சக்கர வளைவின் உதட்டைப் பாருங்கள். அப்புறம், சஸ்பென்ஷனில் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் போல்ட்டுகள். இவை புஷ் என்ற ரப்பர் தாங்கியின் உலோக உறைக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் அலைன்மென்ட் செய்யவே முடியாது, அறுத்தெடுத்துப் புதிது போட வேண்டும். காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ உள்ள கார்ப் பட்டறையில் தூக்கியில் ஏற்றி, ஒவ்வொரு போல்ட்டும் அசைகிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதற்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

காந்தம் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டி பூசி டிங்கரிங் செய்த இடத்தைக் கண்டுபிடிக்கக் காந்தம் உதவும். ஆனால் இந்த மூன்று கார்களிலும் பானட் அலுமினியம், அங்கே காந்தம் ஒட்டாது. அதைப் பார்த்து விபத்துக் கார் என்று சண்டை போடாதீர்கள். பின்மட்கார்டிலும் சில்லிலும் வைத்துப் பாருங்கள். அடிப்பகுதி முழுக்கப் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் இன்னும் கவனம். “சும்மா மேல்துருதாண்ணே, பாதுகாப்புக்கு அடிச்சோம்” என்பார்கள். பூசுவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். நேர்மையாகச் செய்தவர் பெரும்பாலும் எடுத்து வைத்திருப்பார். படம் இல்லையென்றால், அடியில் வெல்டிங் வேலை காத்திருக்கிறது என்று வைத்தே இரும்பின் விலையைப் பேசுங்கள்.

சாலை வரியையும் மறக்க வேண்டாம். பத்து வயது கடந்தால் 10 விழுக்காடு கூடும், பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி 50இல் நிற்கும். மூன்று கார்களுக்கும் இது பொது.

முன்பணம் கொடுக்கும்போது, பரிசோதனையில் சில்லிலோ சட்டத்திலோ துருவோ வெல்டிங்கோ தெரிந்தால் பணம் முழுதும் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் காரை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போங்கள்.